ஈயம் உருக்கியவரின் சட்டை எந்தக் கொடியில் காய்கிறது?

பூச்சிமருந்து தெளிக்கும்போது கையுறை போடுங்கள், முகத்தை மூடுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லிச் சொல்லி எங்களைப் போன்றவர்களுக்கு வாய் வலித்துவிட்டது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் மரியாதையும் கிடைத்தது. ஆனால் அதே விவசாயி, தன் வீட்டுப் பின்கட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செய்யும் இன்னொரு வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஈயம் உருக்குவதைத்தான் சொல்கிறேன்.

பெருமுக்கல்லில் இருந்து மரக்காணம் வரை உள்ள ஊர்களில் ஒரு கால் நிலத்திலும் ஒரு கால் தண்ணீரிலும் வைத்துப் பிழைப்பவர்கள் நிறைய. மேற்கே மணிலா, தர்பூசணி, சவுக்கு, ஏரிப் பாசனத்து நெல். கிழக்கே உப்பளம், உப்பங்கழி, நடுவே கழுவெளி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியும் கழுவெளியும் நிறைந்தால் வீட்டுப் பரணில் கிடக்கும் வீச்சுவலை இறங்கிவிடும். வலையின் விளிம்பு முழுக்க ஈயக்குண்டு கோத்திருக்கும். அந்தக் கனம் இருந்தால்தான் வலை குடையாக விரிந்து, மீன் தப்புவதற்குள் தரையைத் தொடும். குண்டு கழன்று விழும், நசுங்கும். புதுக்குண்டு வாங்கக் காசு கொடுப்பானேன் என்று பழைய ஈயத்தை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, அச்சில் ஊற்றிக்கொள்வார்கள்.

இது புதிய வழக்கமும் இல்லை. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். விறகு அடுப்பே போதும். அதனால்தான் உலகம் முழுக்க எளிய மனிதர்கள் வீட்டிலேயே வார்த்த உலோகமாக அது இருந்திருக்கிறது. பெருமுக்கல் மலைக்கோட்டைக்காக 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டபோது, இருதரப்புத் துப்பாக்கிகளில் இருந்து பறந்ததும் அச்சில் வார்த்த ஈயக்குண்டுதான். மலையோர மாவட்டங்களில் பன்றியை விரட்ட நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றும் ரவை வார்ப்பதுண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கியும் வெடிபொருளும் வைத்திருப்பது, தயாரிப்பது எல்லாம் ஆயுதச் சட்டப்படி குற்றம். அது தனிக் கதை. வலைக்குண்டானாலும் துப்பாக்கிக் குண்டானாலும் சட்டியில் கொதிப்பது ஒரே உலோகம். வார்ப்பவரின் உடம்புக்கும் வீட்டுக்கும் அது செய்வதும் ஒன்றே.

சொல் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடலாம். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் ஆனது. வலைக்குண்டும் பேட்டரித் தகடும் காரீயம். இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிப் பழகியதால், "அதில்தானே ரசம் வைத்தோம், அது என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களைப் பார்க்கிறேன். அதனால் அடையாளம் சொல்கிறேன். காரீயம் கனமாக இருக்கும், நகத்தால் கீறினாலே கோடு விழும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில்போல் கறுப்பாக எழுதும். இனி இந்தக் கட்டுரையில் ஈயம் என்றால் அதுதான்.

வார்ப்பவர்களைக் கேட்டால் அவர்கள் பயப்படுவது தீக்காயத்துக்கு மட்டுமே. அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்குக்கூட உடுத்துவது தப்பாக இருக்கிறது. பாலியெஸ்டர் கைலி, ரப்பர் செருப்பு, மேலே பனியன் அல்லது வெற்றுடம்பு. ஈயத்துளி பட்டால் பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். சிலர் புத்திசாலித்தனமாக மருந்தடிக்கக் கொடுத்த உடையை இதற்கும் மாட்டிக்கொள்கிறார்கள். அது இன்னும் ஆபத்து. மருந்தடிக்கும் உடை நீர்த்துளி உள்ளே இறங்காமல் இருக்கச் செய்தது. பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி. ஈயம் வார்க்க வேண்டியது நேர்மாறானது: நன்கு காய்ந்த கெட்டிப் பருத்தித் துணி, தோல். வெல்டிங் பட்டறையில் இருப்பவர்கள் போடும் தோல் கையுறையும் தோல் மேலங்கியும் இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டு, கையுறையின் விளிம்பு அதற்கு மேலே வர வேண்டும். காலில் மூடிய தோல் செருப்பு. கால்சட்டையின் அடி அதற்கு வெளியே தொங்க வேண்டும். வயலில் சேறு புகாமல் இருக்கக் கால்சட்டையை பூட்ஸுக்குள் சொருகுவோமே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டு வரக் கூடாது. பூட்ஸுக்குள் ஒரு சொட்டு ஈயம் இறங்கினால் கழற்றுவதற்குள் கால் வெந்துவிடும். தலைக்குப் பருத்தித் துண்டு, முகத்துக்கு முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடித் தடுப்பு. வெறும் கண்ணாடி மட்டும் போட்டால் கன்னமும் கழுத்தும் திறந்தே கிடக்கும்.

நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வலையில் இருந்து கழற்றிய பழைய குண்டுகள் பல குழல் வடிவில் இருக்கும். நடுத்துளையில் கயிற்றுப் பிசிறும் உப்புநீரும் தங்கியிருக்கும். ஏற்கெனவே உருகிக் கிடக்கும் ஈயத்தில் இப்படி ஒரு குண்டைப் போட்டால், உள்ளே இருக்கும் ஈரம் நொடியில் நீராவியாகி, ஈயத்தை மேலே தூக்கி அடிக்கும். சட்டியில் பாதி ஈயம் முகத்துக்கு வந்துவிடும். நெற்றியில் இருந்து வழியும் வியர்வைத் துளிக்கும், ஈரமான மண் அச்சுக்கும் இதே கதைதான். பழைய குண்டுகளை இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, சட்டி குளிர்ந்திருக்கும்போதே உள்ளே போட்டு, மெல்லச் சூடாக்க வேண்டும். மரக்காணத்து வெயிலில் தோல் அங்கி போடச் சொன்னால் சிரிப்பீர்கள் என்பது தெரியும். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொண்டால் அரை மணி நேரம் தாங்கலாம்.

தீக்காயம் கண்ணுக்குத் தெரியும், ஆறும். நான் இந்தக் கட்டுரையை எழுதுவது அதற்காக இல்லை, மற்றொன்றுக்காக.

ஈயப்புகை என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். உண்மை என்னவென்றால், உருகும் சூட்டை ஒட்டி வைத்திருக்கும் வரை ஈயம் அதிகம் ஆவியாவதில்லை; சுமார் 500 டிகிரியைத் தாண்டினால் வேகமாகக் கூடும். விறகைத் திணித்துத் திணித்து எரிப்பவர்களுக்கு, தகர ஊதுகுழலால் அனல் ஏற்றுபவர்களுக்கு அந்த ஆபத்து வந்துவிடும். ஆனால் குறைந்த சூட்டிலும் நிச்சயம் வருவது சாம்பல் நிறக் கசடு. உருகிய ஈயத்தின் மேல் ஆடைபோலப் படிவதைக் கரண்டியால் வழித்து ஓரமாகக் கொட்டுகிறார்களே, அது ஈய ஆக்சைடு கலந்த பொடி. மிக நுண்ணியது. கையில், சட்டையில், தலைமுடியில், நகக்கண்ணில் ஒட்டும். பிறகு பீடியோடும் வெற்றிலையோடும் வாய்க்குப் போகும். வீச்சுவலை வீசும்போது வலையின் ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொள்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது. சிறு குழந்தைகளிடம் அது பாதியை நெருங்கும். குழந்தைக்கு இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். நம் கிராமத்துக் குழந்தைகளில் இரத்தசோகை எவ்வளவு என்பது அங்கன்வாடிப் பணியாளர்களுக்குத் தெரியும். உள்ளே போன ஈயம் எலும்பில் தங்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒரு பெண் கருவுற்றால், அவள் எலும்பில் பழைய நாளில் சேர்ந்தது இரத்தத்துக்கு வந்து, கருவில் இருக்கும் குழந்தைக்கும் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சிதான் முதலில் அடிவாங்குகிறது. காய்ச்சல் வராது, வாந்தி வராது. பள்ளியில் கவனம் இல்லை, பாடம் ஏறவில்லை என்று வாத்தியார் சொல்வார். அதற்கு அடுப்படிக் கசடைக் காரணம் சொல்ல யாருக்குத் தோன்றும்? இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது. யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர் இந்த அளவுக்கு மேல் இருப்பதாகக் கணித்தது.

இப்போது சட்டைக்கு வருகிறேன். தொழிற்சாலையில் ஈயத்தோடு வேலை செய்பவர்கள் வேலை உடையை அங்கேயே கழற்றி, குளித்து, வேறு உடை மாற்றித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. காரணம், தொழிலாளியின் உடையிலேயே ஈயம் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளை நோயாக்கியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. நம் ஊரில் வேலை நடப்பதே வீட்டில். வார்த்து முடித்தவர் அதே கைலியோடு திண்ணையில் உட்காருகிறார். பேரப்பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறுகிறது. மாலையில் அந்தக் கைலியும் குழந்தையின் துணியும் ஒரே வாளியில் ஊறுகின்றன. துவைப்பவர் மனைவியோ மருமகளோ. அவர் முதலில் சட்டையை உதறுகிறார். அந்த உதறலில் பறக்கும் பொடியை, உருக்கியவரைவிட உதறியவரே அதிகம் உள்ளிழுக்க வாய்ப்புண்டு.

ஆகவே பாதுகாப்பு உடை என்று நான் கேட்பது, தோல் கையுறையையும் முகத்தடுப்பையும் தாண்டிய ஒன்று. இந்த வேலைக்கென்று ஒரு பழைய பருத்திச் சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு, ஒரு செருப்பு ஒதுக்குங்கள். வேலை முடிந்ததும் வீட்டுப்படி ஏறாமல், கொட்டகையிலேயே உதறாமல் கழற்றி, மூடியுள்ள வாளியில் போடுங்கள். அங்கேயே சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவி, தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போங்கள். அந்தத் துணியை நீங்களே துவையுங்கள். மற்ற துணியோடு சேர்க்காதீர்கள். கழுவிய நீரைக் கீரைப் பாத்திக்கும் குளத்துக்கும் விடாதீர்கள். அந்தத் துணி காயும் கொடியில் குழந்தைத் துணி காயக் கூடாது. இதில் எதற்கும் பெரிதாகப் பணம் தேவையில்லை. ஆனாலும் கையுறை வாங்கச் சொன்னால் கேட்பவர்கள்கூட, தன் துணியைத் தானே துவைக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நம் வீடுகளில் எந்த வேலை யாருடையது என்ற கணக்கு ஈயத்தைவிடக் கனமானது.

முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாயில் கட்டும் துண்டு நுண்பொடியைத் தடுக்காது. மருந்தடிக்கும்போது போடும் கரிக்குப்பி முகக்கவசம் வாசனை வாயுக்களைப் பிடிப்பதற்கு. தூசு வடிகட்டி சேர்க்காவிட்டால் இதற்குப் பயன் குறைவு. என்-95 வகை, தாடி மீசை இடிக்காமல் முகத்தோடு ஒட்டினால், பொடியில் பெரும்பகுதியைத் தடுக்கும். அதைப் போட்டாலும் காற்று முதுகுப்பக்கம் இருந்து வரும்படி நில்லுங்கள். சமையலறை, மாட்டுக்கொட்டகை, மூடிய அறை எதிலும் இந்த வேலை வேண்டாம். உருக்கிய சட்டியும் கரண்டியும் எவ்வளவு தேய்த்தாலும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

இனி பேட்டரி. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பழைய குண்டு கிடைக்காதபோது செத்துப்போன பேட்டரியை உடைத்துத் தகட்டை எடுக்கிறார்கள். டிராக்டர் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி போக, இப்போது முதுகில் மாட்டும் பேட்டரி தெளிப்பான்கள் பலவற்றிலும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி இருக்கிறது. இரண்டு மூன்று பருவத்தில் அது செத்துவிடும். தோட்டத்து மூலையில் கிடக்கும். அதன் தகட்டில் இருப்பது கட்டி ஈயம் மட்டும் இல்லை, ஈய ஆக்சைடு பசையும் ஈய சல்பேட்டும். அதாவது வலைக்குண்டு உருக்கும்போது மேலே மட்டும் படிகிற அந்தக் கசடு, பேட்டரியில் உள்ளே முழுக்க இருக்கிறது. கூடவே கந்தக அமிலம். தகட்டில் ஆண்டிமனி, ஆர்சனிக் போன்றவையும் கலந்திருக்கும். அந்தக் கசடில் ஈரம் பட்டால் கொடிய நச்சு வாயு வரக்கூடும். எந்த உடையும் இதற்குப் போதாது.

செனகல் நாட்டின் டக்கார் நகரத்தை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற ஊரில் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதுவும் கடலோர ஊர்தான். பல ஆண்டுகளாகப் பேட்டரி உடைத்த இடத்து மண்ணில் ஈயம் இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது என்று தெரிந்ததும், அந்த மண்ணை மூட்டைகட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தார்கள். குழந்தைகளின் உடன்பிறப்புகளையும் தாய்மாரையும் சோதித்தபோது அவர்கள் இரத்தத்திலும் கடுமையான அளவில் ஈயம் இருந்தது. இறந்த குழந்தைகளில் ஒன்றுகூட ஈயம் உருக்கவில்லை.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைத்திருக்கின்றன. ஊருக்குள் தள்ளுவண்டியில் வந்து எடுத்துப்போகிறவரிடம் கொடுத்தால் அது எங்கே உடையும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கு நியாயமில்லை. ஈயம் மண்ணில் கரைந்து கீழே போய்விடும் என்று நினைக்காதீர்கள். அங்கக மட்கோடும் பாஸ்பேட்டோடும் பிணைந்து மேல்மண்ணிலேயே தலைமுறைக்கணக்கில் நிற்கும். பயிர் எடுக்கிற ஈயத்தில் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடுவதால், நெல்மணிக்கும் காய்க்கும் போவது குறைவு. கவலைப்பட வேண்டியது கீரையும் கிழங்கும். கீரையில் தூசும் மழைச்சாரல் தெறித்த மண்ணும் ஒட்டும். கிழங்கின் தோலில் மண்ணே ஒட்டியிருக்கும். அடுப்புச் சாம்பல் என்று கசடைக் குப்பைமேட்டில் கொட்டினால், அது எருவோடு கீரைப் பாத்திக்கு வரும். ஏற்கெனவே உருக்கிப் பழகிய இடமென்றால், அங்கே கீரை போட வேண்டாம். நல்ல மண்ணும் மட்கிய எருவுமாக மேலே கனமாகப் பரப்பி, புல்லோ பூச்செடியோ வளர்த்து மூடிவிடுங்கள். அந்த இடத்தில் கோழி கிளறினால் ஈயம் முட்டைக்கு வரும்.

மாடு இன்னும் மோசம். மாடு பேட்டரித் தகட்டை நக்கும், விடாமல் நக்கும். உலகெங்கும் கால்நடைகளின் ஈய நச்சுக்குப் பழைய பேட்டரியே முதன்மையான காரணங்களில் ஒன்று. கன்றுக்குட்டி சீக்கிரம் விழும். கண் தெரியாமல் தடுமாறும், பல்லை நறநறக்கும், சுவரில் தலையை முட்டி நிற்கும், நுரை தள்ளும், இழுப்பு வரும். வெறிநோய் என்று எண்ணிப் புதைத்துவிட்டு, தோட்டத்து மூலையில் உடைந்து கிடக்கும் பேட்டரியை யாரும் பார்ப்பதில்லை. இரண்டுமே இருக்கலாம் என்பதால் வாயில் கையை விடாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். பேட்டரி கிடந்தால் அதையும் சொல்லுங்கள்.

கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வாத்தினங்கள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். சிறிய ஈயக்குண்டையும் கல் என்றே விழுங்கும். அமெரிக்கா 1991-இலேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையைத் தடை செய்ததும், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஈரநிலங்களில் தடுத்ததும் இதனால்தான். நம்மிடம் வேட்டைக்கே தடை. அறுந்து மூழ்கும் வலைக்குண்டுக்குத்தான் கணக்கு இல்லை.

மாற்று இல்லையா? இருக்கிறது. வீச்சுவலையின் விளிம்பில் இரும்புச் சங்கிலி கோப்பவர்கள் உண்டு. துரு பிடிக்கும், கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏரியில் கட்டி வைக்கும் வலைக்குச் சுட்ட மண்குண்டே போதும். இந்தக் கடற்கரையில் அது மிகப் பழைய பழக்கம். ஈயந்தான் வேண்டுமென்றால் கடையில் வார்த்து விற்பதை வாங்குவது, வீட்டில் உருக்குவதைவிட எவ்வளவோ மேல். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் பழைய குண்டை எடைக்கு வாங்கிக்கொண்டு புதுக்குண்டு கொடுத்தால் பின்கட்டு அடுப்பு தானாக அணையும். வலைக்கு மானியம் கொடுக்கத் தெரிந்த துறைக்கு இது முடியாத காரியமில்லை என்பது என் எண்ணம்.

வேளாண் உதவி அலுவலர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஒரு வேண்டுகோள். கிராமத்துக்குப் போகும்போது "உங்கள் வீட்டில் யாராவது ஈயம் உருக்குவார்களா, பழைய பேட்டரி கிடக்கிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால், அந்த வீட்டில் கர்ப்பிணியோ ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ இருந்தால், மருத்துவரிடம் அனுப்பும்போது சீட்டில் அதை எழுதியே அனுப்புங்கள். எழுதாவிட்டால் வயிற்றுவலிக்கும் சோகைக்கும் மருந்து கிடைக்கும். இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று மருத்துவருக்குத் தோன்ற வழியில்லை. முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நல்லவை, உடம்பு ஈயத்தை ஏற்பதைக் குறைக்க உதவும். ஈயத்தை இறக்கிவிடுகிறேன் என்று விற்கப்படும் பொடிகளை வாங்காதீர்கள். அடுப்பை முதலில் நிறுத்திவிட்டு, வழித்து வைத்த கசடை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை பேட்டரி மாற்றப் போகும்போது, ஈயக்கழிவை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் கடையா என்று விசாரித்து, அங்கே சேர்த்துவிடலாம்.